ஆற்றுக்குப் பெயர் தந்த வழிகாட்டி

2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்கு முன் "கல்வான்" என்னும் சொல் நம்மில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? அம்மாதம் 15-ஆம் நாள் இரவு, லடாக்கின் கிழக்கு ஓரத்தில் கல்வான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினரிடையே மூண்ட மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தனர். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களுள் ஒருவர். அதன் பின் அந்த ஆற்றின் பெயர் வீடுதோறும் ஒலித்தது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அம்மனிதர் லே நகரத்து ஏழை முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்து குதிரைக்காரச் சிறுவனாகப் பிழைப்பைத் தொடங்கியவர் என்பதும் நம்மவருள் பலருக்கு இன்றும் புதிய செய்தியாகவே இருக்கும்.

அவர் குலாம் ரஸூல் கல்வான். 1878-ஆம் ஆண்டளவில் பிறந்து 1925-இல் வஃபாத்தானவர். வெளிநாட்டுப் பயணிகளுக்கு மலைவழி காட்டுவதே அவர் தொழில். இமயத்திலும் அதற்கு வடக்கேயுள்ள கரகோரத்திலும் சிகரங்களுக்கும் பனியாறுகளுக்கும் பெயரிட்டவர்கள் பெரும்பாலும் தம் இனத்தாரின் பெயர்களையே இட்டுச் சென்றார்கள். எவரெஸ்ட் என்பதே நில அளவைத் துறையின் தலைவராயிருந்த ஒரு துரையின் பெயர்தானே! அத்துணைப் பெயர்களுக்கு நடுவில், கூலிக்கு வழி காட்டிய உள்ளூர் மனிதர் ஒருவரின் பெயர் ஓர் ஆற்றின் மீது நிலைத்தது அரிதினும் அரிது.

இன்று "ட்ரெக்கிங்" என்று நம் இளைஞர்கள் ஆவலோடு பேசும் மலைநடைக்கு ஆண்டுதோறும் திரள் திரளாக மக்கள் இமயம் செல்கின்றனர். நம் இல்லத்துப் பிள்ளைகளும் கல்லூரி விடுமுறையில் அங்கு செல்ல இசைவு கேட்கிறார்கள். எந்தப் பாதை, எத்தனை நாள், எவ்வளவு செலவு, எத்தகைய காலணி என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். முன்னே நடக்கப்போகிறவர் யார் என்று கேட்பவர் குறைவு. வழியைத் தேடுமுன் வழித்துணையைத் தேடு என்பது அரபியரின் பழமொழி. எனவே இங்கு வழியைவிட வழித்துணையைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எலும்புகள் காட்டிய பாதை

லடாக் என்ற பெயருக்குக் கணவாய்களின் நாடு என்பது பொருள். அந்நாட்டு மொழியில் "லா" என்றால் கணவாய். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ள லே நகரம், விமானமும் மோட்டாரும் எட்டிப் பார்க்காத காலத்திலேயே பன்னாட்டுச் சந்தையாக விளங்கியது. காஷ்மீரிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் துணி, மசாலைப் பொருள்கள், தேயிலை முதலியன வரும். சாங்தாங் மேட்டுநிலத்திலிருந்து சால்வைக்குரிய பஷ்மினா ஆட்டுமயிர் வரும். வடக்கே யார்கந்திலிருந்து பட்டும் கம்பளமும் வரும். ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட மத்திய ஆசிய மக்களில் ஒரு பகுதியினர் இந்த லே வழியாகவே இறங்கி வந்து, பம்பாயில் கப்பல் ஏறினர். கடைத்தெருவின் தலைப்பில் 17-ஆம் நூற்றாண்டில், ஒளரங்கசீப் காலத்தில் எழுப்பப்பட்ட ஜும்ஆ பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. வெளியூர் வணிகர்கள் லடாக்கியப் பெண்களை மணந்து அங்கேயே தங்கியதால் உருவான முஸ்லிம் சமுதாயத்தாருக்கு அர்கோன் என்று பெயர். குதிரை வணிகமும் வழிகாட்டுதலும் இவர்களில் பலருக்குக் குலத்தொழில் போலவே அமைந்துவிட்டன.

யார்கந்து செல்லும் வழி எப்படிப்பட்டது? கர்துங் லா, சாசேர் லா, அதன் பின் 18,000 அடிக்கும் மேற்பட்ட கரகோரக் கணவாய் என ஒன்றை அடுத்து ஒன்றாகக் கணவாய்கள். இடையில் பல நாள் நடைக்குப் புல் இல்லை, விறகு இல்லை. மாண்ட குதிரைகளின் எலும்புகள் பாதை நெடுகிலும் கிடந்தனவென்றும், அவற்றைப் பார்த்தே பாதை இன்னதென்று அறிய முடிந்ததென்றும் அவ்வழி சென்ற பயணிகள் பலர் எழுதி வைத்திருக்கின்றனர். இத்தகைய வழியில்தான் சிறுவன் ரஸூல் தொழில் கற்றான்.

கல்வான் என்ற குடும்பப் பெயரைக் கேட்டதும் நம் தமிழ்க் காதுக்குக் கள்வன் நினைவுக்கு வருவது இயல்பு. சொற்களுக்குள் உறவு ஏதுமில்லை. ஆனால் வியப்பு என்னவென்றால், தம் முன்னோருள் ஒருவரான கரா கல்வான் காஷ்மீரில் பெயர் பெற்ற கொள்ளைக்காரர் என்னும் குடும்பக் கதையை ரஸூல் தாமே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்! தம் வம்சப் பெருமையைப் பாடுவோர் மலிந்த உலகில் இது ஒரு தனி நேர்மை.

அவர் டன்மோர் பிரபு, லிட்டில்டேல் தம்பதியர், அமெரிக்கரான ராபர்ட் பாரெட் எனப் பலருக்கு ஊழியம் செய்தார். இவற்றுள் 1895-ஆம் ஆண்டு லிட்டில்டேல் தம்பதியருடன் சென்ற பயணம் பெரிதும் பேசப்படுவது. கணவன், மனைவி, உடன்பிறந்தார் மகன் ஒருவர், ஒரு சிறு நாய், இவர்களோடு பணியாட்கள். அந்நியருக்கு மூடப்பட்டிருந்த திபெத்தின் வெட்டவெளியைக் கடந்து, லாஸா நகருக்கு ஏறத்தாழ 50 மைல் தொலைவு வரை சென்றுவிட்டனர். அங்கே திபெத்தியர் தடுத்து நிறுத்தியதால், அம்மையாரும் நோயுற்றிருந்த நிலையில், மேற்கே லடாக்கை நோக்கித் திரும்ப நேர்ந்தது. பயணத்தின் புகழ் துரைக்குச் சேர்ந்தது. சுமந்தவர்களும், கூடாரம் அடித்தவர்களும், குதிரைகளைக் காத்தவர்களும் துரைமார்களின் நூல்களில் பெரும்பாலும் "ஆட்கள்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

ரஸூல் கல்வான் அப்படி அடங்கிவிடவில்லை. லடாக்கி, துருக்கி, உருது முதலிய மொழிகள் அறிந்த அவருக்கு ஆங்கிலத்தில் தொடக்கத்தில் மிகச் சில சொற்களே தெரியும். பாரெட் தம்பதியர் தந்த ஊக்கத்தால், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே தம் வரலாற்றைச் சிறிது சிறிதாக எழுதினார். பாரெட்டின் துணைவியார் அந்த நடையின் இயல்பு கெடாமல் தொகுத்தளித்தார். "சாஹிபுகளின் ஊழியன்" என்று பொருள்படும் பெயருடன், யங்ஹஸ்பண்டின் முன்னுரையோடு, 1923-ஆம் ஆண்டு அந்நூல் வெளிவந்தது. ஊழியனின் கண்ணால் எசமானர்களைக் காட்டும் நூல் அது. யார் வேலையாட்களிடம் பரிவு காட்டினார், யார் சினந்தார், யார் கூலியில் நியாயம் பார்த்தார் என்பதெல்லாம் முகாம் தீயைச் சுற்றி அமர்ந்திருப்போரின் பார்வையில் தெரிகின்றன. இறுதிக் காலத்தில் அவர் லேயில் "அக்ஸகால்" என்னும் பதவி வகித்தார். துருக்கி மொழியில் வெண்தாடி, அதாவது பெரியவர் என்பது அதன் பொருள். வணிகக் கூட்டங்களின் வரவையும் செலவையும் மேற்பார்க்கும் பொறுப்பு அது.

1949-50-ஐ ஒட்டி யார்கந்து வழி அடைபட்டது. சந்தை ஓய்ந்தது. 1974-இல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, பழைய குதிரைகளுக்கும் பழைய அறிவுக்கும் புதிய வேலை கிடைத்தது. வணிகச் சரக்கு இருந்த இடத்தில் பயணிகளின் கூடாரமும் சமையல் சாமான்களும் ஏறின.

வழிகாட்டி அறிவது என்ன?

பாதையைக் காட்டுவதற்கு ஓர் ஆள் எதற்கு, கையில் வரைபடமும் கைப்பேசியும் இருக்கின்றனவே என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. பாதையை அறிவது வழிகாட்டியின் அறிவில் ஒரு சிறு பகுதிதான். பனி உருகிப் பாயும் ஆறு காலையில் முழங்கால் அளவு இருக்கும். வெயில் ஏற ஏற நீர் பெருகி, மாலையில் குதிரையையே புரட்டிவிடும். ஆகவே ஆற்றைக் காலையில் கடக்க வேண்டும். கணவாயை நண்பகலுக்குள் தாண்டிவிட வேண்டும். எங்கே கூடாரம் அடிப்பது என்பதை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை. குதிரைக்குப் புல்லும் மனிதனுக்கு நீரும் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது.

இவை அனைத்திலும் பெரிது ஒன்றுண்டு. அதுதான் உயரத்தின் நோய். லேயில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. 18,000 அடியில் அது பாதியாகிவிடும். பழைய வணிகக் கூட்டம் ஸ்ரீநகரிலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேலாக நடந்தே லே சேர்ந்தது. அதற்குள் உடல் பழகிக்கொண்டது. இன்று தில்லியில் காலைத் தேநீர் அருந்திவிட்டு விமானம் ஏறுபவர், ஒன்றரை மணி நேரத்துக்குள் லேயில் இறங்கிவிடுகிறார். உடலுக்கு அவகாசம் ஏது? தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று தொடங்கும் நோயைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இளமையும் உடற்கட்டும் இதற்குக் காப்பல்ல. பந்தயத்தில் ஓடும் வாலிபன் விழுந்துவிட, மெல்ல நடக்கும் முதியவர் நலமாக மேலேறுவதும் உண்டு.

லேயில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. 10,000 அடிக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளில் 1,600 அடிக்கு மேல் உயர்த்தாதிருத்தல். மூன்று நான்கு நாளைக்கு ஒரு நாள் இளைப்பாறல் என்பது மருத்துவர் கூறும் வழி. நோய் முற்றிவிட்டால் தாமதியாமல் கீழே இறங்குவதே முதல் மருந்து. "போதும், திரும்புவோம்" என்று தக்க நேரத்தில் சொல்பவரே நல்ல வழிகாட்டி.

அந்தச் சொல்லை அவர் எளிதாகச் சொல்லிவிட முடியுமா? பணம் கட்டி வந்தவர் முகம் சுளிப்பார். அனுப்பிய நிறுவனம் கணக்குக் கேட்கும். கூலி குறையலாம், இனாம் கிடைக்காமற் போகலாம், அடுத்த பருவத்திற்கு வேறொருவரை அழைத்துக்கொள்ளலாம். ஆண்டில் நான்கு மாத வருவாயை நம்பிக் குடும்பம் நடத்துபவர் இவற்றையெல்லாம் எண்ணித் தயங்குகிறார். அந்தத் தயக்கம் சில வேளைகளில் உயிரையே வாங்கிவிடுகிறது. ஆதலால் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை மலைநடைக்குச் செல்வதாயின், பாதி வழியில் திரும்ப நேர்ந்தாலும் வழிகாட்டிக்கும் குதிரைக்காரருக்கும் பேசிய கூலி முழுவதும் உண்டு என்பதைப் புறப்படுமுன்பே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விலையுயர்ந்த காலணியைவிட இது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

மார்க்கா பள்ளத்தாக்கு

லடாக்கில் பலரும் நடக்கும் பாதை மார்க்கா பள்ளத்தாக்கு. லேக்குத் தெற்கே, ஹேமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ஆறேழு நாள் நடை. இறுதியில் 17,000 அடிக்கும் உயர்ந்த கோங்மாரு லா கணவாயைக் கடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். மரமற்ற மலைகள், செந்நிறமும் ஊதாவும் பச்சையுமாகப் பாறைகள். அவற்றின் அடியில் கையகலப் பசுமையாகக் கிராமங்கள். வாற்கோதுமை வயல், பனிநீரைக் கொணரும் சிறு வாய்க்கால், வெள்ளையடித்த மண்வீடுகள். கணவாயின் உச்சியில் கற்குவியலும் வண்ணக் கொடிகளும். இங்கு வாழ்வோர் பௌத்தர்கள்.

இக்கிராமங்களில் விருந்தினரை வீட்டிலேயே தங்க வைக்கும் ஏற்பாடு 2000-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் வளர்ந்தது. அதன் காரணம் சுவையானது. பனிச்சிறுத்தை இரவில் பட்டிக்குள் இறங்கினால் ஓர் ஆட்டோடு நிற்பதில்லை, அகப்பட்டவற்றையெல்லாம் கொன்றுவிடும். விடிந்து பார்க்கும் குடியானவன் அதைக் கொல்ல எண்ணுவது இயற்கை. பட்டிக்குக் கம்பிவலைக் கூரை அமைத்து, சிறுத்தையைக் காண வரும் பயணியின் பணம் அந்த வீட்டுக்கே கிடைக்கும்படி செய்தால் பகை தணியும் என்று, பனிச்சிறுத்தைப் பாதுகாப்பில் ஈடுபட்டோர் யோசித்தனர். முறை வைத்து வீடுவீடாக விருந்தினரை அனுப்பும் வழக்கமும் வந்தது. ஒரு வீடு கொழுத்து மற்ற வீடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவ்வீடுகளில் அடுப்பங்கரைதான் கூடம். ஒரு பெரிய அடுப்பு; சுவரெங்கும் அடுக்கடுக்காகச் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள். சீர்வரிசையை அடுக்கி வைத்த நம் வீட்டுக் கல்யாண அறையைப் போல! உப்பும் வெண்ணெயும் இட்டுக் கடைந்த தேநீர் முதலில் வரும். இனிப்பை எதிர்பார்த்து முதல் மிடறு அருந்துபவரின் முகம் மாறும். மூன்றாம் நாள் அவரே கேட்டு வாங்குவார். வறுத்த வாற்கோதுமை மாவு, சோறு, பருப்பு, காய்கறி என உணவு பெரும்பாலும் சைவம் என்பதால் நம்மவர்க்கு உண்பதில் இடர்ப்பாடு இராது.

ஒரு செய்தி நம் சகோதரிகளுக்கு. வழிகாட்டும் தொழிலில் பெண்களைச் சேர்க்கப் பயண நிறுவனங்கள் தயங்கிய காலத்தில், தின்லஸ் சோரோல் என்னும் லடாக்கியப் பெண்மணி 2009-இல் பெண்களே நடத்தும் பயண நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வழிகாட்டிகள் பெண்கள், தங்குவது குடும்பங்கள் வாழும் வீடுகளில். மலைநடை ஆண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் விடுபட்டவர்கள்

லடாக்குக்கு வடமேற்கே, எல்லைக் கோட்டுக்கு அப்பால் பாகிஸ்தான் வசமுள்ளது பல்திஸ்தான். 1947-க்கு முன் இரண்டும் ஒரே காஷ்மீர் அரசின் கீழ் இருந்தவை. பல்தி மொழியும் லடாக்கியும் உறவு மொழிகள். பல்தி மக்கள் முஸ்லிம்கள். உலகின் இரண்டாம் உயர்ந்த சிகரமான கே-2 அங்குதான் நிற்கிறது. உயரம் 28,251 அடி. புவியியலார் கரகோரத்தை இமயத்தினின்று பிரித்தே சொல்வார்கள். சுமப்பவனின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

1954-ஆம் ஆண்டு இத்தாலியர் முதன்முதலாக அச்சிகரத்தை அடைந்தனர். ஜூலை 31-இல் உச்சியை எட்டிய இருவரின் பெயர் ஏடுகளில் உள்ளது. அதற்கு முந்திய நாள், அவ்விருவருக்கும் தேவைப்பட்ட பிராணவாயு உருளைகளை மேலே சுமந்து சென்றவர்கள் வால்டர் பொனாட்டி என்னும் இளைஞரும், அங்கிருந்து மேற்கேயுள்ள ஹுன்ஸாவைச் சேர்ந்த அமீர் மஹ்தி என்பவரும் ஆவர். பேசிய இடத்தில் கூடாரம் இல்லை. இருள் சூழ்ந்தது. 26,000 அடிக்கு மேல், திறந்த வெளியில், பனியில் வெட்டிய ஒரு சிறு திண்ணையில் இருவரும் இரவைக் கழித்தனர். உயர்மலைக்குரிய காலணி மஹ்திக்குத் தரப்பட்டிருக்கவில்லை. சாதாரண இராணுவக் காலணியே காலில். உயிர் தப்பியது, கால்விரல்கள் அனைத்தும் போயின. அந்த இரவு குறித்துப் பொனாட்டி சொன்னதே உண்மை என்று இத்தாலிய மலையேறுவோர் சங்கம் ஏற்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1999-இல் மறைந்த மஹ்தி அதைக் காண இருக்கவில்லை.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2014 ஏப்ரல் 18-இல் எவரெஸ்டின் அடிவாரப் பனியாற்றில் சரிவு விழுந்து நேபாளத் தொழிலாளர் 16 பேர் மாண்டபோது, அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், அந்தப் பருவத்தின் ஏற்றமே நின்றுபோயிற்று. 2023 ஜூலை 27-இல் அதே கே-2 மலையில் முஹம்மது ஹசன் என்னும் சுமையாளர் வழுக்கி விழுந்து கிடந்தபோது, உச்சியை நோக்கிச் சென்ற பலர் அவரைத் தாண்டிச் செல்லும் படக்காட்சி உலகெங்கும் பரவியது. அவருக்கும் அந்த உயரத்திற்கேற்ற உடை இருக்கவில்லை என்று செய்திகள் கூறின. மூன்று குழந்தைகளின் தந்தை.

நாம் செல்வது சிகரத்துக்கன்று, பள்ளத்தாக்குகளுக்குத்தான். ஆயினும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையே. ஆளுக்கு எத்தனை கிலோ சுமை? கரகோரத்தில் 25 கிலோ என்று விதி உண்டு. விதி தராசில் நிற்கிறதா என்று பார்ப்பவர் யார்? சுமப்பவருக்குக் கூடாரமும் கம்பளியும் உண்டா, அல்லது சமையற்கூடாரத்தில் சுருண்டு கொள்கிறாரா? காப்பீடு அவருக்கும் உண்டா, பயணிக்கு மட்டுமா? கூலி அவர் கையில் சேர்கிறதா, இடையில் கரைகிறதா? பயண நிறுவனத்தாரிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை சொல்பவரை நம்பலாம்.

லடாக்கின் தென்மேற்கே ஸன்ஸ்கார் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. குளிர்காலத்தில் கணவாய்கள் பனியால் மூடிக்கொள்ள, உறைந்த ஆற்றின் மீதே நடந்து லே வருவது அம்மக்களின் வழக்கமாக இருந்தது. வெண்ணெய் விற்க வருவார்கள்; பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்து வருவார்கள். முன்னால் செல்பவர் கையில் ஒரு தடி. அடிக்கு அடி பனிக்கட்டியைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, அது பாரம் தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவார். அந்த நடையே பிற்காலத்தில் புகழ்பெற்ற மலைநடையாகி, தை மாதக் குளிரில் வெளியூரார் பலரை ஈர்த்தது. 2024 மார்ச்சில் நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை முழுதும் இணைந்துவிட்டது. நோயாளியைத் தோளில் சுமந்த ஊருக்குச் சாலை வருவதை யார் குறை சொல்ல முடியும்? வழிகாட்டிகளின் பிள்ளைகள் வண்டியோட்டப் பழகுகிறார்கள். பனிக்கட்டியின் ஓசையை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி இனிச் செல்பவர்கள் பெரும்பாலும் மலைநடைக்கு வரும் வெளியூராராகவே இருப்பார்கள்.